முறைப்பெண்ணும் இரத்த வகையும்: கடைமடை நாட்டின் மணவழக்கு

காவிரிப் படுகையில் கல்யாணப் பேச்சு நெடுங்காலம் ‘என்ன முறை வேண்டும்?’ என்ற கேள்வியிலிருந்தே தொடங்கியது. தாய்மாமன் மகளும் அத்தை மகளும் முறைப்பெண்கள்; அவர்களைக் கட்டிக்கொள்ளும் உரிமை பையனுக்கு உண்டு. அந்த உரிமையை மீறி வெளியே பெண் எடுத்தால் தாய்மாமன் வீட்டில் மனத்தாங்கல் வரும். பெரியப்பா, சித்தப்பா மக்களும் பெரியம்மா, சின்னம்மா மக்களும் அண்ணன் தங்கைகள்; அங்கே மணப்பேச்சை எடுப்பதே தகாத செயல். பல சாதிகளில் அக்காள் மகளும் முறைக்கு உரியவள். உறவினர் அனைவரும் இப்படிப் பங்காளிகள் என்றும் மாமன் மச்சான்கள் என்றும் இரு அணிகளாகப் பிரிந்தனர். சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள் பங்காளிகள். பெண்ணைக் கொண்டு கொடுத்தவர்கள் மாமன் மச்சான்கள்.

இந்தப் படுகையின் தென்கோடியில், பாமணியாறும் கோரையாறும் அலையாத்திக் காடுகளுக்குள் புகுந்து கடலில் கலக்கும் கடைமடையில் இருக்கிறது முத்துப்பேட்டை. திருத்துறைப்பூண்டிக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடைப்பட்ட இந்த ஊரில் முஸ்லிம்களும் இந்துக்களும் தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்து வாழ்கிறார்கள். மணமுறை பற்றிய இரண்டு சட்டங்கள் இங்கே அருகருகே நடைமுறையில் இருந்தன. இஸ்லாமியச் சட்டப்படி சித்தப்பா மகளையும் மாமன் மகளையும் மணக்கலாம். அக்காள் மகளை மணப்பது கூடவே கூடாது. இந்துக் குடும்பங்களின் வழக்கிலோ அக்காள் மகள் ஆகும், சித்தப்பா மகள் ஆகாது. ஒரு வீட்டில் உடன்பிறந்தவளாகக் கருதப்படும் பெண் அடுத்த வீட்டில் மணமகளாகலாம். ஆனால் இரு வீட்டாரும் பேசும் தமிழ் ஒன்று. மாமா, மச்சான், மச்சி என்ற சொற்களும் பொதுச்சொத்து.

வழக்கின் பழமையை வடமொழித் தரும நூல்களே ஒப்புக்கொள்கின்றன. போதாயன தரும சூத்திரம் தென்னாட்டாருக்கு மட்டும் உரிய வழக்கங்களைப் பட்டியலிடும்போது, அம்மான் மகளையும் அத்தை மகளையும் மணப்பதை அவற்றுள் ஒன்றாகக் குறிக்கிறது. வேறு நாட்டில் அதைச் செய்தால் குற்றம், தெற்கே அது நாட்டு வழக்கு என்பது அந்நூலின் நிலை. தெய்வங்களுக்கும் தமிழர் இந்த முறையையே வகுத்தார்கள். முருகன் உமையின் மகன். உமை திருமாலின் தங்கை. வள்ளியும் தெய்வானையும் திருமாலின் மக்கள். ஆகவே முருகன் ‘மால்மருகன்’. மருகன் என்ற ஒரே சொல் தங்கை மகனுக்கும் மகளின் கணவனுக்கும் பொருந்தி வருவது இந்த வழக்கில் மட்டுமே இயல்பு.

வழக்கு எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்குச் சோழர் குடும்பத்தைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய முதலாம் இராசராசன் தன் மகள் குந்தவையை வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கிய இளவரசன் விமலாதித்தனுக்குக் கொடுத்தான். (இவள் இராசராசனின் தமக்கையான குந்தவை அல்லள், அத்தையின் பெயரைத் தாங்கியவள்.) அவர்கள் மகன் இராசராச நரேந்திரன். அவன் மணந்தது தன் தாய்மாமன் முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கை தேவியை. இவ்விருவரின் மகனே 1070-இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். அவனும் தன் தாய்மாமனான இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியையே மணந்தான். இரண்டு தலைமுறையாக மாமன் மகளே மணமகளானாள். வேங்கிக்குப் போன சோழக் குருதி இரு தலைமுறையில் சோழ நாட்டுக்கே அரசனாகத் திரும்பியது இந்த மணங்களால்தான். அரசியல் உறவை ஒரே கொடுக்கல் வாங்கலோடு விடாமல் தலைமுறைதோறும் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடாக இந்த முறை அரண்மனைக்குப் பயன்பட்டது.

வயல்காட்டில் அதன் பயன் இன்னும் நேரடியானது. மாவும் வேலியுமாக அளக்கப்பட்ட நன்செய், மகளுக்குச் சீராகப் போனாலும் அடுத்த தலைமுறையில் பேத்தியோடு திரும்பி வந்தது. மருமகளாக வருபவள் அண்ணன் மகளாக இருந்தால் மாமியாருக்கு அவள் வேற்றாள் அல்லள். அறியாத ஊருக்குப் பெண்ணை அனுப்பும் அச்சமும் இல்லை. தஞ்சை மாவட்டச் சிற்றூர்களில் 1950-களின் தொடக்கத்தில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் கேத்லீன் கஃப், மிராசுதார் பிராமணர் முதல் உழவுத் தொழிலாளர் வரை உறவுமுறையும் நிலமும் எப்படிப் பின்னிக்கிடந்தன என்பதை விரிவாக எழுதினார். 1953-இல் ஐராவதி கார்வேயின் இந்திய உறவுமுறை பற்றிய நூல், வடக்கே மணத்தால் உறவு விரிகிறது, தெற்கே மணத்தால் உறவு இறுகுகிறது என்ற வேறுபாட்டைத் தெளிவாக்கியது.

இந்த வழக்கில் ‘இரத்த சொந்தம்’ என்பது அணி பார்த்து எண்ணப்பட்டது. அண்ணனும் தம்பியும் பெற்ற பிள்ளைகள் ஒரே இரத்தம். அண்ணனும் தங்கையும் பெற்ற பிள்ளைகள் வேறு வீட்டார். சித்த மருத்துவம் உடலின் ஏழு தாதுக்களில் செந்நீரை ஒன்றாக வைத்தது. கரு உருவாவதில் தந்தைக்கும் தாய்க்கும் பங்கு உண்டென்றும் கொண்டது. ஆனால் தந்தையிடமிருந்து என்ன வருகிறது, தாயிடமிருந்து என்ன வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல அன்று உலகில் எங்குமே வழியில்லை. மூக்கு தாத்தாவைப் போல, நிறம் அத்தையைப் போல என்று சாயல் பார்ப்பதே ஒரே வழி. சாயலோ ஏமாற்றும்.

கண்ணால் பார்த்துச் சொல்லும் வழி வியன்னாவில் பிறந்தது. 1900-இலும் 1901-இலும் கார்ல் லேண்ட்ஸ்டைனர் தம் ஆய்வகத் தோழர்களின் இரத்தத்தை எடுத்து, ஒருவரின் சீரத்தில் மற்றொருவரின் சிவப்பணுக்களைக் கலந்து பார்த்தார். சில இணைகளில் அணுக்கள் திரிதிரியாக ஒட்டிக்கொண்டன. சிலவற்றில் ஒன்றும் நிகழவில்லை. அதிலிருந்து மனித இரத்தத்தை மூன்றாக வகுத்தார். நான்காவதான ஏபி வகையை டிகாஸ்டெல்லோவும் ஸ்டுர்லியும் 1902-இல் கண்டனர். சிவப்பணுவின் மேற்பரப்பில் ஏ என்ற அடையாளம் இருந்தால் ஏ வகை, பி இருந்தால் பி வகை, இரண்டும் இருந்தால் ஏபி, இரண்டும் இல்லையென்றால் ஓ. தன்னிடம் இல்லாத அடையாளத்துக்கு எதிரான பொருளை ஒவ்வொருவரின் இரத்தமும் இயல்பாகவே சுமக்கிறது. மாற்று வகை இரத்தம் ஏற்றினால் உயிருக்கு ஆபத்து வருவது இதனால்தான்.

இந்த வகை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது என்பதை 1910-இல் ஹைடெல்பெர்க்கில் எமில் ஃபான் டங்கெர்னும் லுத்விக் ஹிர்ஸ்ஃபெல்டும் 72 குடும்பங்களைச் சோதித்து நிறுவினர். பெற்றோர் இருவரிடமும் இல்லாத ஏ அல்லது பி பிள்ளையிடம் தோன்றுவதில்லை என்பது அவர்கள் கண்ட உறுதியான விதி. எப்படி வருகிறது என்பதில் மட்டும் அவர்கள் கணக்குத் தவறியது. ஏ-வுக்கு ஓரிடம், பி-க்கு வேறோரிடம் என்று இரண்டு தனித்தனி மரபுக்கூறுகளை அவர்கள் கருதினார்கள். கோட்டிங்கன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் 1924-இல், பல நாட்டு மக்களிடையே நான்கு வகைகளும் காணப்படும் விகிதங்களை வைத்தே, இருப்பது ஓரிடம்தான், அதில் அமரக்கூடிய வடிவங்கள் மூன்று என்று காட்டினார். ஊசி பிடிக்காத ஒருவர் காகிதத்தில் தீர்த்த கணக்கு அது. இன்றுவரை அது மாறவில்லை.

கணக்கு இதுதான். ஒவ்வொருவரிடமும் இந்த மரபணுவின் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தந்தை தந்தது, மற்றது தாய் தந்தது. பிரதி ஒவ்வொன்றும் ஏ, பி, ஓ என்ற மூன்று வடிவங்களில் ஒன்றாக இருக்கும். ஏ-யும் பி-யும் தம்மை வெளிக்காட்டும், ஓ மறைந்திருக்கும். ஏ வகைக்காரர் ஏஏ ஆகவும் இருக்கலாம், ஏஓ ஆகவும் இருக்கலாம். சாதாரணச் சோதனையில் இரண்டும் ஒன்றே. ஓ வகைக்காரரிடம் இரண்டு பிரதியும் ஓ. தந்தை ஏஓ, தாய் பிஓ என்றால் அவர்களுக்குப் பிறக்கும் நான்கு பிள்ளைகள் நான்கு வகையாகவும் இருக்க முடியும். தாய்க்கும் தந்தைக்கும் இல்லாத ஓ வகை பிள்ளைக்கு வந்ததில் எந்த மர்மமும் இல்லை. தந்தை ஏபி, தாய் ஓ என்றால் பிள்ளைகள் ஏ அல்லது பி மட்டுமே. பெற்றோர் இருவரும் ஓ என்றால் பிள்ளைகளும் ஓ. ஒன்பதாம் குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணுவை 1990-இல் பிரித்தெடுத்துப் படித்தபோது, ஓ வடிவம் பெரும்பாலும் ஒரே ஓர் எழுத்து விடுபட்டதால் செயலிழந்த ஏ என்பது தெரிந்தது.

இந்தியரின் இரத்தம் இந்த வரலாற்றில் மிக முன்னதாகவே நுழைந்துவிட்டது. முதல் உலகப்போரில் சலோனிகாவில் முகாமிட்டிருந்த நேசநாட்டுப் படைகளில் பல இனத்தாரின் இரத்தத்தை லுத்விக் ஹிர்ஸ்ஃபெல்டும் அவர் மனைவி ஹன்னாவும் சோதித்தார்கள். 1919-இல் வெளியான அந்த ஆய்வில் 1,000 இந்தியப் படைவீரர்களும் இருந்தனர். அவர்களில் 100-க்கு 41 பேர் பி வகை. ஐரோப்பியரிடம் பத்தில் ஒருவருக்கு அருகில் மட்டுமே காணப்பட்ட பி, இந்தியரிடம் முதலிடத்தில் இருந்தது. அடுத்த பத்தாண்டுகளில் இரத்த வகை கொண்டு இனங்களை வரிசைப்படுத்தும் ஆசை உலகெங்கும் பரவியது. சென்னை அருங்காட்சியகத்தின் அ. ஐயப்பன் 1930-களில் வயநாட்டுப் பணியர்களின் இரத்த வகையைச் சோதித்து வெளியிட்டார். 1952-இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தில் வகைகளோடு அரிவாளணுப் பண்பையும் கண்டறிந்தனர். இனத்துக்கு ஓர் இரத்தம் என்ற எண்ணத்தை இந்த ஆய்வுகளே கடைசியில் தகர்த்தன. நான்கு வகையும் இல்லாத சாதி தமிழ்நாட்டுச் சமவெளியில் கிடையாது.

முறைமணத்தைப் பொறுத்தவரை இந்தக் கண்டுபிடிப்பு காட்டிய செய்தி வழக்குக்கு நேர் எதிரானது. இரத்த வகை மரபணு ஆண்பெண் குரோமோசோம்களில் இல்லை. ஆகவே அது தந்தைவழி, தாய்வழி என்ற அணி பார்ப்பதில்லை. (1962-இல் கண்டறியப்பட்ட எக்ஸ்ஜி போன்ற சிறு வகைமுறைகள் மட்டும் எக்ஸ் குரோமோசோமில் வருபவை.) சித்தப்பா மகளும் தாய்மாமன் மகளும் ஒருவனோடு பகிர்ந்துகொள்வது ஒரே அளவு: சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்கள். அக்காள் மகள் பகிர்வது அதைப் போல இரு மடங்கு. முத்துப்பேட்டையின் இரு சமூகங்களும் ஒன்றை ஒன்று வியப்போடு பார்த்த இடத்தில், மரபியல் சித்தப்பா மகளுக்கும் மாமன் மகளுக்கும் வேறுபாடு காணவில்லை. வேறுபாடு கண்டது அக்காள் மகளிடம்தான்.

நெருங்கிய உறவில் மணந்தால் என்ன நேர்கிறது? பாட்டன் அல்லது பாட்டியிடம் இருந்த ஒரே பிரதி, மகன் வழியாகவும் மகள் வழியாகவும் இறங்கி, கொள்ளுப்பேரனிடம் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேரலாம். முதலாம் இராசராசனின் ஒரு மரபணு, குந்தவை வழியாகவும் இராசேந்திரன் வழியாகவும் குலோத்துங்கனை அடைந்திருக்கக்கூடியது இப்படித்தான். மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தவரின் பிள்ளைக்கு ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் இப்படி ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 16-இல் ஒன்று. அக்காள் மகளை மணந்தால் 8-இல் ஒன்று.

இதனால் ஏ, பி, ஓ வகைகளின் விகிதம் பெரிதாக மாறுவதில்லை. ஓ வடிவம் ஏற்கெனவே மக்கள்தொகையில் பெரும்பான்மையாக இருப்பதால், அது இரட்டிக்க உறவு மணம் தேவையில்லை. ஆர்எச் என்ற மற்றோர் இரத்த வகைமுறையின் நெகட்டிவ் வகையிலும் மாற்றம் சிறிது. இந்தியரில் ஏறத்தாழ 100-க்கு 5 பேர் ஆர்எச் நெகட்டிவ். முறைப்பெண்ணை மணந்தோரின் பிள்ளைகளில் அது 100-க்கு 6 ஆகும், அக்காள் மகளை மணந்தோரிடம் 7. மறைந்திருக்கும் வடிவம் அரிதாக ஆக, இந்தப் பெருக்கம் மிகுந்துகொண்டே போகிறது. பத்தாயிரத்தில் ஒருவரிடம் காணப்படும் பண்பு முறைமணப் பிள்ளைகளிடம் ஏழு மடங்கும், அக்காள் மகள் மணத்தில் பதின்மூன்று மடங்கும் ஆகிவிடும். உறவு மணத்தின் விளைவு பற்றிய எல்லா விவாதங்களுக்கும் அடிப்படை இந்தச் சிறு கணக்கே. சாதாரணமானவற்றை அது தொடுவதில்லை. அரிதானவற்றை வெளியே கொண்டுவருகிறது.

அப்படிப்பட்ட அரிய வகை ஒன்று 1952-இல் பம்பாயில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்குள்ள மருத்துவர் ஒய். எம். பெண்டேயும் உடன் பணியாற்றியவர்களும் சிலரின் இரத்தத்தில் விந்தையான பண்பைக் கண்டார்கள். சோதனையில் அவை ஓ போலவே இருந்தன. ஆனால் ஓ வகை இரத்தத்தையும் அவை ஏற்கவில்லை. லண்டனின் ரேஸ், சாங்கர், மார்கன், வாட்கின்ஸ் ஆகியோரோடு சேர்ந்து அவர்கள் எழுதிய கட்டுரை அவ்வாண்டு ‘லான்செட்’ இதழில் வெளியானது. ஏ, பி அடையாளங்கள் இரண்டும் எச் என்ற அடித்தளப் பொருளின் மேல் கட்டப்படுபவை. ஓ வகைக்காரரிடம் அந்த எச் அப்படியே இருக்கும். எச்-ஐ உருவாக்கும் மரபணு பத்தொன்பதாம் குரோமோசோமில், வேறோரிடத்தில் உள்ளது. அதன் இரு பிரதியும் செயலிழந்தால் அடித்தளமே இல்லை. அப்படிப்பட்டவரிடம் ஏ மரபணு இருந்தாலும், பி மரபணு இருந்தாலும் வெளியே தெரியாது. 1955-இல் பிலிப் லெவைன் குழுவினர் இதற்குப் ‘பம்பாய் வகை’ என்று பெயரிட்டனர். ஐரோப்பியரிடம் பத்து லட்சத்தில் ஒருவர் என்ற அளவில் உள்ள இது, இந்தியாவில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவரிடம் இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. தென்னிந்தியாவில் இவ்வகையினரைக் கண்டறியும்போது பெற்றோரின் உறவுமுறையையும் மருத்துவர்கள் கேட்டுக் குறித்துக்கொள்வது வழக்கம். பெற்றோர் சொந்தக்காரர்களாக இருப்பது பலமுறை பதிவாகியிருக்கிறது.

பம்பாய் வகை பரம்பரை விதியையே பொய்யாக்குவதுபோலத் தோன்றும். தாய் ‘ஓ’ என்று சீட்டில் எழுதியிருக்கும்; தந்தை பி; குழந்தை ஏபி. விதிப்படி இது நடக்கவே கூடாது. தாய் உண்மையில் ஏ மரபணுவைச் சுமக்கும் பம்பாய் வகைக்காரி என்று தெரிந்தால் மட்டுமே புதிர் அவிழும். இரத்தச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் நடத்தையை அளப்பவர்கள் எத்தனை பெரிய அநீதி செய்யக்கூடும் என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டே காட்டும். இந்திய நீதிமன்றங்கள் இதில் தொடக்கத்திலிருந்தே எச்சரிக்கையாக இருந்தன. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, மணவாழ்வு நிலவும் காலத்தில் பிறந்த பிள்ளை கணவனின் பிள்ளையே என்று உறுதியாகக் கொண்டது. கணவனும் மனைவியும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லாதிருந்தால் மட்டும் விலக்கு. ஒருவரைக் கட்டாயப்படுத்தி இரத்தம் எடுக்கச் சட்டத்தில் வழியில்லை என்று 1951-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. கௌதம் குண்டு வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம், கேட்டவுடன் இரத்தச் சோதனைக்கு ஆணையிட முடியாது என்று வரையறுத்தது. ஏபிஓ வகை ஒருவர் தந்தை அல்லர் என்பதைச் சில வேளை காட்டலாம். அவர்தான் தந்தை என்று ஒருபோதும் நிறுவாது. அந்த வேலையை மரபணுச் சோதனை ஏற்றுக்கொண்ட பின் இரத்த வகை நீதிமன்றத்திலிருந்து விலகியது.

ஆர்எச் வகையின் வரலாறு மகப்பேற்று அறையில் எழுதப்பட்டது. 1940-இல் லேண்ட்ஸ்டைனரும் வீனரும் அதைக் கண்டறிந்தனர். ஆர்எச் நெகட்டிவ் தாயின் கருவில் பாசிட்டிவ் குழந்தை வளர்ந்தால், பிரசவத்தின்போது குழந்தையின் அணுக்கள் தாயின் இரத்தத்தில் கலந்து எதிர்ப்பொருளைத் தூண்டும்; முதல் பிள்ளை தப்பும், அடுத்து வரும் பாசிட்டிவ் பிள்ளைகள் மஞ்சள் காமாலையிலும் இரத்தச் சோகையிலும் சாகக்கூடும். கிராமங்களில் இது ‘பிள்ளை தங்கவில்லை’ என்ற ஒரே சொல்லில் அடங்கிப்போனது. பழி மருமகள்மேல் விழுந்தது. 1968-இல் பயன்பாட்டுக்கு வந்த ஆன்டி-டி ஊசியைப் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் போட்டால் இந்தத் துயரம் பெரும்பாலும் தடுக்கப்படும். முறைமணம் இதில் எதிர்பாராத ஒரு நன்மையையும் செய்திருக்கிறது. ஆர்எச் நெகட்டிவ் பெண்ணுக்கு வெளியார் கணவனும் நெகட்டிவாக அமையும் வாய்ப்பு 100-க்கு 5. அத்தை மகனாகவோ மாமன் மகனாகவோ இருந்தால் 9, தாய்மாமனாக இருந்தால் 14-க்கு அருகில். இருவரும் நெகட்டிவ் என்றால் குழந்தைக்கு இந்த ஆபத்தே இல்லை.

உறவு மணம் நோயைப் பெருக்குகிறதா என்ற பெரிய கேள்வியை 1950-களின் இறுதியிலிருந்து அறிஞர்கள் நேரடியாக ஆராய்ந்தார்கள். 1957-இல் இந்தியாவில் குடியேறிய ஜே. பி. எஸ். ஹால்டேன், இயற்கையே நடத்திவைத்த சோதனை என்ற ஆர்வத்தோடு தென்னிந்திய மணங்களை நோக்கினார்; அவர் மாணவர் துரோணம்ராஜு, மீரா கானோடு சேர்ந்து ஆந்திரத்தில் நடத்திய ஆய்வு 1963-இல் வெளிவந்தது. தமிழ்நாட்டில் இப்பணியின் மையம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. சுந்தர் ராவும் இன்பராஜும் வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஆராய்ந்து 1977-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, கிராமங்களில் ஏறத்தாழப் பாதி மணங்களும் நகரங்களில் 100-க்கு 29 மணங்களும் உறவுக்குள் நடந்தவை. கருச்சிதைவிலும் குழந்தை இறப்பிலும் உறவு மணத்தாருக்கும் மற்றவருக்கும் பெரிய வேறுபாட்டை அவர்கள் காணவில்லை. பல நூற்றாண்டுகள் தொடர்ந்த வழக்கே கொடிய மரபணுக்களைச் சிறிது சிறிதாகக் களைந்திருக்கக்கூடும் என்பது அவர்கள் தந்த விளக்கம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பிற்காலக் கணக்குகள், முறைமணப் பிள்ளைகளிடம் இளவயது இறப்பு 100-க்கு மூன்று, நான்கு அளவில் கூடுதல் என்று காட்டின. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வழக்கை முற்றிலும் குற்றமற்றதாக்கும் பேச்சும், முறைமணம் என்றாலே ஊனம் என்று மிரட்டும் பேச்சும் சான்றுகளோடு பொருந்துவதில்லை.

உறவு மணத்தைவிடச் சாதிக்குள் மட்டுமே மணப்பதன் சுமை பெரிது என்ற கருத்தும் அண்மையில் வலுப்பெற்றிருக்கிறது. ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜ் உள்ளிட்டோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவின் பல சமூகங்கள் சிலரிடமிருந்து பெருகி, பின்னர் தமக்குள்ளேயே மணந்து வந்ததால் அரிய மரபணுக்கள் அவற்றில் குவிந்திருப்பதைக் காட்டியது. அப்படிப்பட்ட சமூகத்தில் ‘சொந்தமில்லை’ என்று பார்த்துச் செய்யும் மணமும் தொலைதூரச் சொந்தமாகவே முடியும்.

டெல்டாவில் வழக்கு தளர்ந்ததற்கு மருத்துவ அறிவுரை ஒரு காரணம் மட்டுமே. தஞ்சை மாவட்ட வாரியம் அமைத்த மாயவரம்–முத்துப்பேட்டை இரயில்பாதை 1894-இல் திறக்கப்பட்டதும் பெண் கொடுக்கும் தூரம் கூடத் தொடங்கியது. படகேறி இலங்கைக்கும், கப்பலேறிப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும், பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் போனவர்களின் பணம், நிலத்தை மட்டும் நம்பிய கணக்கை மாற்றியது. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் நெருங்கிய உறவு மணத்தைத் தடுத்தபோதும், வழக்கம் அனுமதித்தால் செல்லும் என்று விலக்கு அளித்தது. ஆகவே சட்டம் இந்த வழக்கைத் தொடவில்லை. பெண்களின் படிப்பு தொட்டது. 1990-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மணங்களில் பாதிக்கு அருகில் உறவுக்குள் நடந்தவை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் அது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அப்போதும் இந்திய மாநிலங்களில் இதுவே முன்னணி அளவு.

வழக்கு தளர்ந்த காலத்தில் அதன் இடத்தில் தவறான ஒரு நம்பிக்கை முளைத்தது. தஞ்சையில் 1959-இல் மருத்துவக் கல்லூரி தொடங்கிய பின் இரத்தச் சோதனை சிற்றூர்வரை பரவியது. பள்ளி அடையாள அட்டையிலும் ஓட்டுநர் உரிமத்திலும் இரத்த வகை ஏறியது. முறை கேட்ட இடத்தில் இரத்த வகை கேட்பது சேர்ந்துகொண்டது. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரே வகையாக இருந்தால் ‘ஒரே இரத்தம், ஆகாது’ என்று தட்டிக்கழித்த வரன்கள் உண்டு. இதற்கு அடிப்படை எதுவும் இல்லை. கணவனும் மனைவியும் பி பாசிட்டிவ் என்பதால் பிள்ளைக்கு எந்தத் தீங்கும் வராது. தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஓ வகை என்பதால், ஒரே வகைத் தம்பதியர் எங்கும் இருக்கிறார்கள். உறவு நெருக்கத்தைக் காட்டுவது இரத்த வகை அல்ல. அத்தை மகனும் மாமன் மகளும் வேறு வேறு வகையாக இருந்தாலும் அவர்கள் பகிரும் எட்டில் ஒரு பங்கு குறைவதில்லை. மணத்துக்கு முன் பார்க்க வேண்டியவை தாயாகப் போகிறவளின் ஆர்எச் வகையும், தலசீமியா, அரிவாளணு போன்ற பரம்பரைக் குறைகளும், குடும்பத்தில் காரணம் தெரியாமல் இறந்த பிள்ளைகளின் வரலாறும்.

குடும்பம் சுருங்குவது இந்த வழக்கை அறிவுரையைவிட விரைவாக முடித்துவைக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி இரண்டுக்கும் கீழே வந்துவிட்டது. ஒரே பிள்ளையாக வளர்ந்தவர்களுக்குப் பிறப்பவர்களுக்கு மாமனும் இல்லை, அத்தையும் இல்லை, முறையும் இல்லை. பம்பாய் வகைப் பிள்ளைகள் பிறப்பதும் இதனால் குறையும். ஆனால் இருப்பவர்களுக்கு அதே மாற்றம் புதிய இடரைத் தருகிறது. பம்பாய் வகைக்காரர் ஒருவருக்கு இரத்தம் தேவைப்பட்டால் இரத்த வங்கிகள் முதலில் சோதிப்பது உடன்பிறந்தவர்களை. பெற்றோர் இருவரும் அந்த மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வோர் உடன்பிறப்புக்கும் அதே வகை அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உடன்பிறந்தோர் இல்லாத வீட்டில் அந்த வாய்ப்பு இல்லை. அரிய வகைக் கொடையாளர் பட்டியலையும், வேறு மாநிலத்திலிருந்து குளிர்பெட்டியில் வரும் ஒரு பை இரத்தத்தையுமே நோயாளி நம்பியிருக்க வேண்டியிருக்கிறது.